சேலம் – நாமக்கல் சமவெளியில் சிறு எஸ்யூவி

நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கி, தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும் குடும்பக் கார் சிறு எஸ்யூவி எனப்படுகிறது. இந்தியாவில் இவ்வகை வண்டிகள் 2012, 2013 ஆண்டுகளுக்குப் பிறகு வேகமாகப் பரவின. சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் அப்படியே. ஆனால் லாரிக்கு உடல் கட்டுவதும், லாரி ஓட்டுவதும், அதைப் பழுதுபார்ப்பதும் முக்கியத் தொழில்களாக உள்ள பகுதி இது. ஒரு வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எத்தனை ஆண்டு வைத்திருப்பது, எப்போது விற்பது என்ற வழக்கங்கள் சிறு எஸ்யூவி வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கு உருவாகிவிட்டன. புதிய வண்டி அந்தப் பழைய வழக்கங்களுக்குள் நுழைந்ததும், அவற்றில் சிலவற்றுக்கு ஒத்துவராமல் போனதுமே இக்கட்டுரையின் பொருள்.

நிலமும் வழியும்

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட மேட்டுநிலம் இது. 1997 ஜனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பரமத்தி வேலூர், மோகனூர்ப் பகுதியில் காவிரி வாய்க்கால் பாசனம் உண்டு. அதைத் தாண்டினால் கிணறும் ஆழ்துளைக் கிணறும்தான். மரவள்ளி, நிலக்கடலை, சோளம் ஆகியவற்றோடு கோழிப்பண்ணைகள் நிறைந்த பகுதி.

கொங்கு வழக்கப்படி இங்கே பல குடும்பங்கள் ஊருக்குள் நெருக்கமாக வாழாமல் அவரவர் தோட்டத்திலேயே வீடு கட்டிக்கொண்டு வாழ்கின்றன. தார்ச்சாலையிலிருந்து தோட்டத்து வீட்டுக்குப் போகும் வழி இட்டேரி எனப்படும். இருபுறமும் வேலி, நடுவே மாட்டுவண்டித் தடம் என்பது அதன் பழைய உருவம். இரண்டு சக்கரத் தடங்களும் பள்ளமாகி நடுவில் மண் மேடு எழுந்து நிற்கும். மழை பெய்தால் சேறு. தாழ்ந்த செடான் காரின் அடிவயிறு அந்த நடுமேட்டில் உரசும்.

அதே குடும்பம் தார்ச்சாலையைத் தொட்டதும் வேறு உலகத்துக்கு வந்துவிடுகிறது. பெங்களூர் – சேலம் – நாமக்கல் – கரூர் – மதுரை வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, கோயம்புத்தூருக்குப் போகும் 544, உளுந்தூர்பேட்டைக்குப் போகும் 79 ஆகிய மூன்றும் சேலத்தில் கூடுகின்றன. முதல் இரண்டும் 2000-களில் நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்ட பிறகு பெங்களூர் போய்வருவது ஒருநாள் வேலையாயிற்று. இவற்றோடு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் கொல்லிமலையின் 70 வளைவுகளும் சேர்கின்றன. இட்டேரி, நான்குவழிச் சாலை, மலைப்பாதை மூன்றுக்கும் ஒரே வண்டி வேண்டும் என்பது இந்த நிலத்தின் தேவை. எஸ்யூவி மோகத்தை வெறும் பகட்டு என்று தள்ளிவிடுபவர்கள் பெரும்பாலும் இட்டேரியில் கார் ஓட்டியிராதவர்கள்.

லாரி கற்றுக்கொடுத்தது

தொழிற்சாலையிலிருந்து லாரி முழுமையாக வருவதில்லை என்பது வெளியூர் வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம். எஞ்சின், சட்டம், சக்கரங்கள் ஆகியவை மட்டும் கொண்ட சேசிஸ் வரும். முன்கண்ணாடியும் கதவும் இல்லாத அந்தச் சட்டத்தின் மேல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓட்டுநர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிவரும் காட்சி நெடுஞ்சாலைகளில் நீண்டகாலம் சாதாரணம். அந்தச் சேசிஸ்கள் வந்து சேர்ந்த முக்கிய இடங்களுள் ஒன்று நாமக்கல். தச்சர், கொல்லர், வெல்டர், டிங்கர், எலக்ட்ரீஷியன், பெயின்டர் எனப் பலர் ஒரே பட்டறையில் வேலைசெய்து லாரிக்கு உடல் கட்டினார்கள். சங்ககிரி லாரி உரிமையாளர்களின் ஊர். திருச்செங்கோடு ரிக் வண்டிகளின் ஊர். அங்கிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் வட இந்தியாவுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயின. சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளின் தென்னிந்திய மையமும் நாமக்கல்தான். டி.என். 28, டி.என். 34, டி.என். 52 என்ற பதிவெண்களை நாடெங்கும் உள்ள நெடுஞ்சாலைகளில் பார்க்க முடிவதற்கு இதுவே காரணம்.

இந்தத் தொழில் குடும்பங்களுக்குள் சில கணக்குகளைப் பழக்கப்படுத்தியது. எஞ்சின் தேய்ந்தால் வண்டி முடிந்துவிட்டது என்று பொருளல்ல. லைனர், பிஸ்டன், ரிங் மாற்றலாம். கிராங்கை லேத்தில் கிரைண்டிங் செய்யலாம். டீசல் பம்பைக் கழற்றி அளவு திருத்தலாம். ஆகவே வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அது செய்யப்பட்ட ஆண்டைவிட, உதிரிபாகம் கிடைப்பதும் வேலை தெரிந்த ஆள் கிடைப்பதுமே. இன்னொரு கணக்கு, வாங்கும் நாளிலேயே விற்கும் விலையை யோசிப்பது. லாரி ஒரு முதலீடு. தவணை முடிந்த பிறகுதான் அது உண்மையில் சம்பாதிக்கத் தொடங்கும். லாரி வைத்திருந்த வீட்டில் கார் வாங்கும்போதும் இதே கேள்விகள் எழுந்தன. “ஸ்பேர் கிடைக்குமா, வெளியில் வேலை பார்ப்பார்களா, பத்து வருஷம் கழித்து என்ன விலை போகும்” என்பவை முதலில் வரும். நிறமும் இருக்கைத் துணியும் பின்னால்தான்.

ஜீப்பிலிருந்து சுமோ வரை

மஹிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்பை மும்பையில் பூட்டி விற்கத் தொடங்கியது. மலைத் தோட்டங்களிலும் அரசு அலுவலகங்களிலும் ஓடிய ஜீப்புகள் பின்னர் ஏலத்தின் வழியாகவும் கைமாறியும் விவசாயக் குடும்பங்களுக்கு வந்தன. ஜீப் இட்டேரிக்கு ஏற்றது, ஆனால் குடும்பத்துக்கு ஏற்றதல்ல. வெயிலும் தூசியும் உள்ளே வரும். குடும்பத்துக்கான கார் என்றால் அம்பாசிடர். உயரமான உடல், எளிய எஞ்சின், எந்தப் பட்டறையிலும் பார்க்கக்கூடிய பழுது. அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் உத்தரப்பாராவில் நின்றது. அதற்குப் பிறகும் பல வண்டிகள் ஓடியதற்கு மேற்சொன்ன பட்டறைப் பழக்கமே காரணம்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 நகரத்துக்குள் இடம் பிடித்தது. தோட்டத்துக் குடும்பங்களை மாற்றியவை 1994-இல் வந்த டாடா சுமோவும், 2000-இல் வந்த டொயோட்டா குவாலிஸ், மஹிந்திரா பொலேரோ ஆகியவையும்தான். சுமோவில் பின்னால் எதிரெதிர் இருக்கை. பழனிக்கோ, திருமணத்துக்கோ ஒரு கூட்டுக் குடும்பமே ஏறும். டீசலில் ஓடும். லாரிக்கு வேலை பார்த்த மெக்கானிக்கே இதற்கும் போதும்.

பிறகு குடும்பம் சிறுத்தது. பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் பெங்களூர், சென்னை சென்றார்கள். அன்றாடம் காரில் போவது மூன்று நான்கு பேர்; பெரிய கூட்டத்துக்கு வேன் வாடகைக்கு எடுக்கலாம். சுமோவின் உயரம் வேண்டும், அதன் நீளம் வேண்டாம் என்ற நிலை உருவானது. அந்த நேரத்தில் டெல்லியில் எழுதப்பட்ட ஒரு வரிவிதி இதற்கேற்ற வண்டியை உருவாக்கியது.

நான்கு மீட்டர் கோடு

2006 நிதிநிலை அறிக்கையில் சிறு கார்களுக்கான கலால் வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டது. நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது. பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்கும் டீசல் எஞ்சின் 1,500 சிசிக்கும் மேல் போகக்கூடாது என்பது விதி. 2008-இல் இவ்வரி மேலும் குறைந்து 12 ஆயிற்று. மறுபுறம், 2013 நிதிநிலை அறிக்கை பெரிய எஸ்யூவிகளின் வரியை 27-இலிருந்து 30 ஆக உயர்த்தியது. இரண்டுக்கும் இடையிலான பள்ளம் ஆழமாக ஆக, நான்கு மீட்டருக்குள் எஸ்யூவி செய்வது நிறுவனங்களுக்கு லாபமாயிற்று.

முதல் முயற்சிகள் தடுமாறின. 2009-இல் பிரீமியர் ரியோ வந்தது. 2012-இல் மஹிந்திரா தன் சைலோவின் பின்பகுதியை வெட்டிச் சுருக்கிக் குவாண்டோ என்று விற்றது. பார்த்தாலே வெட்டியது தெரியும். திருப்பம் 2013 ஜூனில் வந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட். சென்னைக்கு அருகில் மறைமலைநகரில் செய்யப்பட்டது. நீளம் 3,999 மில்லிமீட்டர். தரை இடைவெளி சுமார் 200 மில்லிமீட்டர். மாற்றுச் சக்கரம் ஜீப்பைப் போலப் பின்கதவில் தொங்கியது. அதன் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோலும் 1.5 லிட்டர் டீசலும் வரிச்சலுகைக்குள் வந்தன. 1.5 லிட்டர் பெட்ரோல் வரவில்லை. ஒரே வண்டி, ஒரே நீளம், எஞ்சினைப் பொறுத்து இரண்டு வரி.

2016 மார்ச்சில் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, 2017 செப்டம்பரில் டாடா நெக்ஸான், 2019-இல் மஹிந்திரா எக்ஸ்யூவி 300, ஹூண்டாய் வென்யூ, 2020-இல் கியா சோனெட், நிசான் மேக்னைட் என வரிசை நீண்டது. பழைய பொலேரோவும் தப்பவில்லை. 2016-இல் ‘பவர் பிளஸ்’ என்ற பெயரில் அதன் நீளம் 3,995 மில்லிமீட்டராகக் குறைக்கப்பட்டு, 1.5 லிட்டருக்குள் அடங்கும் எஞ்சின் பொருத்தப்பட்டது. ஜீப்பின் நேரடி வாரிசே வரிக்கோட்டுக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டது இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோதும் இதே கோடு தொடர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்குள் இருப்பவற்றுக்கு 18 விழுக்காடு, வெளியே இருப்பவற்றுக்கு 40 என்று வேறுபாடு இன்னும் கூர்மையாகியிருக்கிறது. இன்றைய பிரெஸ்ஸா நான்கு மீட்டருக்குள் இருந்தும் அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினால் 40-இல் விழுகிறது.

டீசல் கணக்கு

லாரி நாட்டில் டீசல் என்பது பழகிய எரிபொருள். 2010 ஜூனில் பெட்ரோல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. டீசல் விலை கட்டுப்பாட்டிலேயே இருந்தது. விலை வேறுபாடு விரிந்த அந்த ஆண்டுகளில்தான் முதல் சிறு எஸ்யூவிகள் வந்தன. டீசல் வண்டி வாங்கும்போது கூடுதலாகக் கொடுக்கும் தொகை சில ஆண்டுகளில் எரிபொருளில் திரும்பிவிடும் என்று கணக்கிட்டார்கள். தினமும் பண்ணைக்கும் நகரத்துக்கும் ஓடுபவருக்கு அது சரியான கணக்கு. வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போகிறவருக்குச் சரியல்ல. ஆனாலும் அவரும் டீசலே வாங்கினார், மறுவிற்பனையில் டீசலுக்குத்தான் கிராக்கி என்பதால்.

2013 ஜனவரி முதல் டீசல் விலை சிறிது சிறிதாக ஏற்றப்பட்டு, 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. வேறுபாடு சுருங்கியது. 2016-இல் பிரெஸ்ஸா டீசலில் மட்டுமே வந்தது. ஃபியட் வடிவமைத்த, 1,248 சிசி அளவுள்ள அதன் எஞ்சின் ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா எனப் பல நிறுவனங்களின் கார்களில் இருந்ததால் எந்த ஊரிலும் பாகம் கிடைத்தது. இந்த நிலத்தின் பழைய தேர்வுமுறைக்கு அது அப்படியே பொருந்தியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்ததும் மாருதி டீசலைக் கைவிட்டது. அந்த எஞ்சினும் மறைந்தது.

பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள, வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில், சூடாக ஓட வேண்டும். நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இது தெரியாமலே நடந்துவிடும். தோட்டத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்குப் போய் நிறுத்தி, மீண்டும் ஐந்து கிலோமீட்டர் திரும்புகிறவருக்கு வடிகட்டி அடைத்துக்கொள்ளும். இட்டேரிக்கு டீசல்தான் என்ற பழைய நம்பிக்கை இங்கே தலைகீழானது. இப்போது குறைந்த ஓட்டமுள்ளவர்கள் பெட்ரோலுக்குத் திரும்புவதற்கு விலை மட்டுமே காரணமல்ல.

பத்தாண்டு வைத்திருத்தல்

புதுவண்டி வாங்கி முதல் சில ஆண்டுகள் நிறுவனச் சேவை மையத்திலேயே பராமரிப்பு நடக்கும். உத்தரவாதக் காலம் முடிந்ததும் பலர் வெளி மெக்கானிக்கிடம் வந்துவிடுகிறார்கள். அதன் பிறகுதான் ஒரு வண்டியின் உண்மையான குணம் தெரியும்.

முதலில் தேய்வது அடிப்பாகம். வேகத்தடைகளும் இட்டேரிப் பள்ளமும் சேர்ந்து சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராடு ஆகியவற்றைத் தின்றுவிடும். பள்ளத்தில் இறங்கும்போது ‘டக் டக்’ என்ற ஓசை கேட்கும். உயரமான வண்டி என்பதால் இவை தேயாது என்று எண்ணுவது தவறு. உயரம் அடி உரசாமல் காக்கும், அதிர்ச்சியைக் குறைப்பதில்லை. அடுத்தது கிளட்ச். மலைப்பாதையில் காலை மிதியிலேயே வைத்து ஓட்டுபவரின் கிளட்ச் சீக்கிரம் போகும்.

இந்த நிலத்துக்கே உரிய எதிரிகள் இரண்டு. ஒன்று தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. பழைய லாரியின் ரேடியேட்டரில் கிணற்று நீரை ஊற்றி ஓட்டிய தலைமுறை, அதே கையோடு புதிய காரிலும் ஊற்றியது. அலுமினிய ரேடியேட்டருக்குள் உப்பு படிந்து வழிகள் அடைபட்டால் எஞ்சின் சூடேறும். ஹெட் கேஸ்கட் போகும். நிறுவனம் சொல்லும் கூலன்ட் மட்டுமே ஊற்ற வேண்டும் என்பதைப் பல வீடுகள் செலவழித்துத்தான் கற்றன. அந்த நீரில் கழுவி வெயிலில் விட்டால் பெயின்டிலும் கண்ணாடியிலும் வெள்ளைத் திட்டுகள் நிற்கும்.

மற்றொன்று எலி. தோட்டத்து வீட்டுக் கொட்டகையிலும் கோழித் தீவனம் இருக்கும் இடத்திலும் எலி இல்லாமல் இராது. இரவில் எஞ்சின் சூட்டுக்காக உள்ளே புகுந்து ஒயர்களைக் கடிக்கும். பழைய ஜீப்பில் கடிபட்ட ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் போதும். இன்றைய வண்டியில் சென்சார் ஒயர் ஒன்று அறுந்தாலே விளக்கு எரிந்து வேகம் குறையும். முழு ஒயர்க் கட்டையே மாற்றச் சொல்வார்கள். புகையிலைப் பொட்டலம், கம்பி வலை, இரவில் பானெட்டைத் திறந்துவைப்பது என்று ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள்.

ரப்பர், குழாய், பெல்ட் ஆகியவை கிலோமீட்டரால் மட்டுமல்ல, வயதாலும் கெடும். எக்கோஸ்போர்ட்டின் ஒரு லிட்டர் டர்போ எஞ்சினில் டைமிங் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே சுழல்கிறது. குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்று பழைய கணக்கில் வாங்குகிறவர், பத்து வயதான பெல்ட் உள்ளே இருப்பதை மறந்துவிடக்கூடாது.

மெக்கானிக்குகளும் மாறினார்கள். மின்னணுக் கட்டுப்பாடுள்ள டீசல் எஞ்சின் லாரிகளுக்கும் வந்ததால், பழைய பம்பைத் திருத்திய கடைகள் இன்ஜெக்டர் சோதிக்கும் இயந்திரத்துக்கு மாற வேண்டியதாயிற்று. ஸ்கேனர் இல்லாத பட்டறைக்கு இன்று வேலை குறைவு. கார்களுக்கான இந்தத் தேர்ச்சியிலும் லாரியே வழிகாட்டியது.

பாதுகாப்பு பற்றிய பேச்சு சிறு எஸ்யூவியோடுதான் வீடுகளுக்குள் வந்தது எனலாம். தொப்பூர்க் கணவாய் விபத்துகளைப் பற்றிக் கேட்டே வளர்ந்த பகுதி இது. 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார் நெக்ஸான். மகனோ மகளோ இரவில் பெங்களூரிலிருந்து ஓட்டிவரும்போது என்ன ஆகும் என்ற கவலை, மறுவிற்பனை விலையோடு சமமாக உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

நிறுவனம் போன பின்

2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்றது. பாகங்களும் சேவையும் தொடரும் என்று நிறுவனம் சொன்னது. ஆனாலும் எக்கோஸ்போர்ட்டின் மறுவிற்பனை விலை இறங்கியது. வாங்கியவர்களின் கணக்கில் இது பெரிய அடி. எட்டாண்டு ஓட்டி, நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு அடுத்ததை வாங்கலாம் என்றிருந்தவர்கள், ஓட்டித்தான் தீர்க்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்தார்கள்.

இந்தப் பகுதிக்கு அனாதை வண்டி புதிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்திய பிறகும் ஷெவர்லே டவேராக்களை ஓட்டினார்கள். ஆனால் டவேரா பழைய பாணி வண்டி. பெரும்பாலான பழுதை லேத்தும் வெல்டிங்கும் தீர்க்கும். எக்கோஸ்போர்ட்டில் பிரேக் பேட், கிளட்ச், புஷ் போன்ற தேயும் பாகங்கள் வெளிச்சந்தையில் கிடைக்கின்றன. முகப்பு விளக்கு, பின்கதவு, மின்னணுப் பெட்டி போன்றவற்றை எந்த லேத்தும் கடைந்து தராது. விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து கழற்றிய பாகம்தான் பல நேரம் வழி. பழுதுபார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது மலிவாகக் கிடைக்கும் நல்ல வண்டி, தெரியாதவர்களுக்குக் கவலை. 2024 செப்டம்பரில் சென்னை ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்த ஃபோர்டு தமிழ்நாடு அரசுக்கு விருப்பக் கடிதம் கொடுத்தது. அது பழைய எக்கோஸ்போர்ட் உரிமையாளர்களின் பாகப் பிரச்சினைக்கு நேரடித் தீர்வல்ல.

பதினைந்தாம் ஆண்டு

சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 10,000 என உயர்த்தப்பட்டது. டெல்லியைப் போல வயதைக் காட்டி வண்டியை ஓட்டவே விடாத தடை தமிழ்நாட்டில் இல்லை. பழைய சுமோக்களும் பொலேரோக்களும் இந்த வழியாகவே இன்னும் ஓடுகின்றன.

2013-இல் பதிவான முதல் எக்கோஸ்போர்ட்கள் 2028-இல் புதுப்பித்தலுக்கு வரும். முதல் பிரெஸ்ஸாக்கள் 2031-இல். ஆய்வாளர் பிரேக், விளக்கு, புகை ஆகியவற்றைப் பார்ப்பார். சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதியைப் படிவத்தோடு இணைக்கும் பழைய வழக்கம் லாரிக்கும் இவற்றுக்கும் ஒன்றே.